குளிர்ந்தால் நீலமாகும் மீன்: ஒரு மலிவு வோட்காவைச் சுவைத்துப் பார்த்தேன்

வணக்கம் மக்களே, பாளையங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். 21 வயது நிரம்பாதவர்கள் இந்த வீடியோவை இப்போதே மூடிவிடுங்கள். எனக்கு இன்று வெளியே வேலை இல்லை, வண்டிச் சாவி அண்ணனிடம் இருக்கிறது.

கையில் இருப்பது ஒரு குவார்ட்டர் வோட்கா, 180 மில்லி. விலை குறைந்த வரிசையில் எடுத்தது. பெயர் வேண்டாம், லேபிளைப் பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒரு மீன், கோடு மட்டும்தான். குளிர்ந்தால் மீன் நீலமாகும், அப்போது குடியுங்கள் என்று கழுத்தில் ஒரு அட்டை தொங்குகிறது. வெப்பம் பட்டால் நிறம் மாறும் மைதான் இது. அமெரிக்காவில் கூர்ஸ் லைட் பீர் பாட்டிலில் 2007-லேயே மலை இப்படி நீலமானது.

ஃபிரீசரில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தேன். இதோ, வாலிலிருந்து தலை வரை நல்ல நீலம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஃபிரீசரில் வைத்தும் உறையவில்லை, ஆனால் கொஞ்சம் கெட்டியாகி எண்ணெய் மாதிரி ஊற்றுகிறது. ஒரு வாய்... வாசனையே இல்லை. நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிறது, தொண்டையில் மட்டும் லேசான சூடு. இந்த விலைக்கு இவ்வளவு சுத்தமா என்று தோன்றும்.

அங்கேதான் நான் நிறுத்தச் சொல்கிறேன். குளிர்ச்சி வாசனையை அமுக்கிவிடும். நாக்கையும் மரத்துப்போக வைக்கும். மீன் நீலமாகும் வரை காத்திருந்தால் சரக்கின் குறை தெரியாது. அதனால் இன்னொரு கிளாஸில் ஊற்றி அரை மணி நேரம் இந்த வெயிலிலேயே வைத்திருந்தேன். அதில் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்க்கிறேன். ஸ்பிரிட் பறந்த பிறகு மிஞ்சுவதை மோந்து பாருங்கள். ஆஸ்பத்திரி பஞ்சு வாடை, அதன் அடியில் வெல்லப்பாகு கருகின மாதிரி ஒன்று. நம் நாட்டில் மலிவு வோட்காவுக்கான ஸ்பிரிட் பல சமயம் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்துதான் வருகிறது. அதை நன்றாகச் சுத்திகரித்தால் இந்த வாடை நிற்காது. இதில் நிற்கிறது.

சரி, அடுத்தது தண்ணீர். பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் இந்த 180 மில்லியில் ஆல்கஹால் சுமார் 77 மில்லி, மற்றது தண்ணீர்தான். நாம் தண்ணீரின் ருசி தெரிந்த ஊர்க்காரர்கள். அல்வாவின் ருசிக்கே தாமிரபரணியைத்தான் காரணம் சொல்கிறோம். வீட்டுக் குழாயில் வரும் அதே ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்திருக்கிறேன், சம அளவு ஊற்றுகிறேன். இப்போது பாருங்கள், எரிச்சல் பாதியாகிவிட்டது. ஆனால் ஒரு ஒட்டுத் தித்திப்பு மேலே வருகிறது, விழுங்கிய பிறகும் உதட்டில் நிற்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்தில் நார்த்தங்காய் ஊறுகாய் இருந்ததால் வாய் தப்பித்தது.

பணம் கொடுத்து வாங்குகிற உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: மீனுக்காக இதை வாங்க வேண்டாம். அதே விலையில் சாதா லேபிள் ஒட்டிய குவார்ட்டர் ஒன்றைப் போன மாதம் இதே மாதிரி வெயிலில் வைத்துப் பார்த்தேன். அதில் இந்தக் கருகல் இல்லை, தித்திப்பும் இல்லை.

இரண்டு மடக்கோடு நான் நிறுத்திக்கொண்டேன். பாட்டிலை மறுபடி காட்டுகிறேன், பாருங்கள். ஃபேன் காற்றில் வைத்ததற்கே மீனின் வால் வெளுத்துவிட்டது, தலையில் மட்டும் கொஞ்சம் நீலம் மிச்சம்.