ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

விழாத் தலைவர் அவர்களே, என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவராக இருந்தும் தம் நேரத்தில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்த முன்னாள் தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, கேட்டவுடன் இந்த அரங்கைத் திறந்துவிட்ட நூலகர் அம்மையார் அவர்களே, காலை முதல் நோயாளிகளைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் மருத்துவர் அவர்களே, எப்போது எழுந்து போகலாம் என்று கதவோரம் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். மேடையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்த அமைப்பாளர்களுக்குத் தனி வணக்கம். ஒலிவாங்கி கொஞ்சம் கரகரக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரவேற்புரை ஆற்றிய தம்பி என்னைச் 'சூழலியல் அறிஞர்' என்று சொல்லிவிட்டார். நான் அறிஞன் இல்லை, ஓய்வுபெற்ற கணக்கன். முப்பது வருடம் வரவு செலவு எழுதியவன். அதனால் எனக்குப் பிடித்த பழமொழியும் கணக்கனுக்கு ஏற்ற பழமொழிதான்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. போடாதே என்று அதில் எங்கேயும் இல்லை. அளந்து போடு, அவ்வளவுதான்.

இன்றைக்கு ஐந்து செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். மின்சாரம், பயணம், உணவு, தண்ணீர், ஐந்தாவதாக நாம் வாங்கிக் குவிக்கும் பொருள்கள்.

முதலில் காற்றின் பேரேட்டைப் பார்ப்போம். 1958-இல் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் உட்கார்ந்து பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு காற்றில் எவ்வளவு என்று அளக்கத் தொடங்கினார். அன்றைக்குப் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்கு. இன்றைக்கு 420-ஐத் தாண்டிவிட்டது. அவர் தொடங்கிய அளவீடு இன்றும் நடக்கிறது. காற்று எவ்வளவு பெரிய ஆறு! அதையும் ஒருவர் அளந்தார், அதனால்தான் நமக்கு விஷயமே தெரிந்தது.

மின்சாரத்துக்கு வருகிறேன். என் நண்பர் ஒருவர் தினமும் இரவில் கைபேசி சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி வைப்பார். பூமியைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு போய், குளிர்சாதனத்தைப் பதினெட்டில் வைத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார். இந்தக் காலத்துச் சார்ஜர் சும்மா செருகியிருந்தால் வருடம் முழுக்கச் சேர்த்து ஒன்றிரண்டு யூனிட் தின்னும். 1500 வாட் குளிர்சாதனம் முழு மூச்சில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை யூனிட். ஒரு வருடம் பிடுங்கிச் சேமிப்பதை இவர் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தூக்கத்தில் செலவழித்துவிடுகிறார். நிலக்கரியில் பிறந்த மின்சாரமாக இருந்தால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு, நினைவில் வையுங்கள்.

சூடாக்குவதும் குளிர்விப்பதும்தான் பெருந்தீனிக்காரர்கள். வெந்நீர்க் கொதிகலன், இஸ்திரிப்பெட்டி, துணி உலர்த்தும் இயந்திரம், குளிர்சாதனம். வெளிச்சமும் காற்றோட்டமும் பாவம், கொஞ்சமாகச் சாப்பிடுபவை. 60 வாட் குண்டு விளக்கின் வேலையை 9 வாட் எல்.இ.டி. விளக்கு செய்கிறது. 75 வாட் மின்விசிறிகள் இருபதைச் சேர்த்தால்தான் நான் சொன்ன அந்த ஒரு குளிர்சாதனம். ஆகவே வெயிலில் துணி காயப்போடுங்கள், குளிர்சாதனத்தை இருபத்தாறில் வைத்து மின்விசிறியையும் கூடவே சுழல விடுங்கள். அளந்து போட்டால் எங்கே கைவைக்க வேண்டும் என்று தானே தெரிந்துவிடும்.

மின்விசிறி என்றதும் நினைவு வருகிறது, இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் வீட்டுப் படுக்கையறை மின்விசிறிக்கு ஒரு கோடையில் சோம்பல் பிடித்துவிட்டது. ஐந்தில் வைத்தாலும் இறக்கைகளை நிதானமாக எண்ணலாம். நான் எண்ணினேன், மூன்று. மனைவி ஒரு நாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இது சுத்துதா, இல்ல இதைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் தலை சுத்துதா?" என்றாள். பையன், "அப்பா, இதைத் தூக்கிப் போட்டுட்டு ரிமோட் வெச்சது வாங்கலாம்ப்பா" என்றான். அவனுக்கு எழுந்து போய்க் குமிழைத் திருப்புவது தேச சேவை. கடைக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்தவர் மின்விசிறியைப் பார்க்கவே இல்லை. "சார், காயில் போயிருக்கும். பழசுக்குச் செலவு பண்ணாதீங்க" என்று சொல்லிக்கொண்டே புதியதன் படத்தை எடுத்து நீட்டினார். நோயாளியைப் பார்க்காமலே மரணச் சான்றிதழ்! மருத்துவர் மன்னிக்க வேண்டும்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார், மோட்டார்களுக்குக் காயில் கட்டியே காலம் கழித்தவர். அவரை அழைத்து வந்தேன். வந்தவர் முதலில் மெயின் ஸ்விட்சை நிறுத்தச் சொன்னார். ஏணியில் ஏறினார். இறக்கையை ஒற்றை விரலால் தள்ளினார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. "பேரிங் வெண்ணெய் மாதிரி இருக்கு தம்பி" என்றார். மேலே இருந்த மூடியைக் கழற்றி, கட்டைவிரல் அளவில் ஒரு சிறு டப்பாவை எடுத்து என் கையில் போட்டார். கெப்பாசிட்டர். அதன்மேல் 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது. மின்விசிறிக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் மின்னோட்டம் சற்று முன்பின்னாகப் போனால்தான் சுழற்சி பிறக்கும். அந்த முன்பின்னை உண்டாக்குவது இந்த டப்பா. வயதானால் இதன் கொள்ளளவு குறையும், விசிறி தளர்ந்துவிடும். புதியதை மாட்டினார். இறக்கையில் ஒரு வருடத் தூசியைத் துடைத்தார், "இதுவும் பாரம்தானே" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பத்தே நிமிடம்.

பிறகு ஸ்விட்சைப் போட்டோம். ஐயா! மேசை மேலிருந்த செய்தித்தாள் பறந்தது. மனைவியின் செலவுக் கணக்குச் சீட்டுகள் பறந்தன. அலமாரி உச்சியில் பையன் ஒளித்து வைத்திருந்த மதிப்பெண் பட்டியல் பறந்து வந்து சரியாக என் காலடியில் விழுந்தது. அன்றிலிருந்து என் வீட்டில் பழுதுபார்ப்பதற்கு ஒரே எதிரி அவன்தான்.

அந்த டப்பா மட்டும் செத்ததற்காக நான் செம்பு, இரும்பு, அலுமினியம் எல்லாவற்றையும் எறிந்திருப்பேன். அதே செம்பை எங்கோ வெட்டி, உருக்கி, கம்பியாக இழுத்து, கப்பலேற்றி இன்னொன்று என் வீட்டுக்கு வந்திருக்கும். இதற்கெல்லாம் வெளியாகும் கரியமில வாயு எந்த மின்கட்டண ரசீதிலும் வராது. கைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாழ்நாள் முழுவதற்குமான கரியமில வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. சார்ஜ் போடுவது அற்பம். இரண்டு வருடத்தில் மாற்றுவதை நான்கு வருடமாக்கினால் வருடக் கணக்கில் அந்தத் தொழிற்சாலைப் பங்கு பாதியாகிவிடும். 2022-இல் உலகம் எறிந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது கால் பங்குகூட இல்லை.

இப்படி எறிய நமக்குப் பழக்கியது யார்? 1920-களில் உலகத்தின் பெரிய விளக்கு நிறுவனங்கள் ஃபீபஸ் என்ற பெயரில் கூட்டுச் சேர்ந்து, ஒரு குண்டு விளக்கு 1000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று முடிவு செய்தன. அதைவிட நீண்ட நேரம் எரியும் விளக்கைச் செய்த உறுப்பினருக்கு அபராதம்! நன்றாகச் செய்ததற்கு அபராதம் போட்ட ஒரே சங்கம் அதுவாகத்தான் இருக்கும்.

நியாயமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேள்வி நேரத்தில் தலைமை ஆசிரியர் ஐயா என்னைப் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். எல்லாப் பழசையும் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. குண்டு விளக்கை இன்றே மாற்றுங்கள், தயங்க வேண்டாம். இரவும் பகலும் மின்சாரம் குடிக்கும் மிகப் பழைய குளிர்பதனப் பெட்டியை மாற்றுவதே லாபமாக இருக்கலாம். ஆனால் அதை உடைப்பவரிடம் அப்படியே தள்ளிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் வாயு சில பெட்டிகளில் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைப்பது. அந்த வாயுக்களைக் குறைக்கத்தான் 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் நாடுகள் கூடி உடன்பட்டன. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதிலும் அளந்து போடு என்பதுதான் என் கட்சி.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பயணத்தைப் பற்றி ஒரே வரி: ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான் எடை, எரிந்தால் இரண்டேகால் கிலோவுக்கு மேல் கரியமில வாயு வரும், காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால். பக்கத்துத் தெருவுக்கு நடந்து போங்கள். உணவை வீணாக்காதீர்கள், குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும், அதுவும் பூமியைச் சூடாக்கும் வாயுதான். தண்ணீரைப் பற்றி இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன்.

வந்த காரியத்தைச் சொல்கிறேன். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன் போஸ்ட்மா என்ற பெண்மணி, ஊர் மக்கள் உடைந்த பொருளோடு வந்து, தெரிந்தவர்களோடு உட்கார்ந்து சரிசெய்துகொண்டு போகும் ஒரு கூடத்தைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. பிரான்சில் 2021 முதல் மடிக்கணினி போன்ற சில பொருள்களுக்கு, பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு ஒட்டி விற்கிறார்கள். மதிப்பெண் பட்டியலை அலமாரி மேல் ஒளிக்க முடியாது! நமக்கும் அது வேண்டும். உதிரிபாகமும் பிரித்துப் பார்க்கும் கையேடும் தராத பொருளை விற்கக் கூடாது என்ற கோரிக்கை மனு வாசலில் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

நூலகர் அம்மையாரிடம் இந்த மேடையிலேயே கேட்டுவிடுகிறேன், மறுக்க மாட்டார் என்ற தைரியத்தில். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னறையும் ஒரு நீள மேசையும் கொடுங்கள். திருப்புளியும் மின்சாரத்தை அளந்து பார்க்கும் மல்ட்டிமீட்டரும் நான் கொண்டுவருகிறேன். மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, மிக்ஸி, வானொலி, ஜிப் போன பை, எதையும் எடுத்து வாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பு மட்டும் வேண்டாம், அதன் கெப்பாசிட்டர் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உயிர்குடிக்கும் அளவுக்கு மின்னூட்டம் வைத்திருக்கும். அது பயிற்சி பெற்றவர் வேலை. கதவோர இளைஞர்களே, கண்பார்வை நன்றாக உள்ள இரண்டு பேர் எனக்குத் தேவை, உலோகத்தை உருக்கிக் கம்பியை ஒட்டும் சாலிடர் வேலையைச் சொல்லித்தருகிறேன்.

அமைப்பாளர்களுக்கு ஒன்று. இந்த ஒலிவாங்கிக்குப் பதில் புதியது வாங்கலாமா என்று சற்றுமுன் உங்களுக்குள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. அடிப்பக்கம் வயர் தளர்ந்திருக்கிறது. இறங்கியதும் கொடுங்கள், பார்த்துத் தருகிறேன். நன்றி, வணக்கம்.