மந்திரத்துக்கு என்ன விலை?

நேயர்களுக்கு வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வருகிறேன். பள்ளிக்கூட நூலகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை படிக்கிறேன். எல்லாரும் ஏழாவதிலிருந்து ஒன்பதாவது வரை படிக்கிறவர்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மாயமும் சாகசமும் கலந்த நாவல்களில் எதைக் கொடுக்கலாம் என்று பேசச் சொல்லி புதுச்சேரி வானொலியில் அழைத்தார்கள். மனசுக்குப் பிடித்த விஷயம், உடனே சரி என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மா அப்பாக்களில் பாதிப் பேர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "டீச்சர், பெரிய கிளாஸ் வந்தாச்சு. இன்னும் மந்திரம் மாயம்னு படிச்சா எப்படி?" அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் மாயக்கதை சரியாகப் பிடிபடுகிற வயதே இதுதான் என்பது என் அனுபவம். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பூசணிக்காய் தேராக மாறினால் போதும். பன்னிரண்டு வயதில் கேள்வி வந்துவிடும். எப்படி மாறியது, யார் மாற்றலாம், எத்தனை தடவை மாற்றலாம், மாற்றினால் என்ன ஆகும்? தெருவில் கிரிக்கெட் ஆடும்போது அவுட்டா இல்லையா என்று அரை மணி நேரம் சண்டை போடும் வயது இது. விதிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வயது.

அதனால் நாவலைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது ஒன்றுதான். இந்தக் கதையில் மந்திரத்துக்கு ஒரு விதி இருக்கிறதா, அதற்கு யாராவது ஒரு விலை கொடுக்கிறார்களா?

இது நமக்குப் புதிதில்லை. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறான். வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தலை வெடித்துவிடும். பதில் சொல்லிவிட்டால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். எவ்வளவு கெட்டியான விதி பாருங்கள். அறிவுள்ளவன் அந்த அறிவுக்கே விலை கொடுத்து, திரும்பத் திரும்பச் சுடுகாட்டுக்கு நடக்கிறான். இந்தக் கதை தெரிந்த பிள்ளைக்கு உலகத்தின் எந்த மாயக்கதையையும் தைரியமாகக் கொடுக்கலாம்.

முதலில் ஒரு புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசப் போகிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ'. தீவுகளாலேயே ஆன ஓர் உலகம். அதில் ஒரு மலைத்தீவில், தாயில்லாமல் வளரும் ஆடு மேய்க்கிற பையன் கெட். அவன் அப்பா வெண்கலக் கொல்லர். பையனுக்கு மந்திரத் திறமை இருப்பது தெரிகிறது, அதற்கென்று இருக்கும் பள்ளிக்குப் போகிறான். சக மாணவன் ஒருவன் சீண்டியதில் ரோஷம் வந்து, செய்யக் கூடாத ஒரு மந்திரத்தைச் செய்துவிடுகிறான். அதனால் ஒரு நிழல் இந்த உலகத்துக்குள் வந்துவிடுகிறது. அது அவனைத் துரத்துகிறது. ஓடி ஓடிக் களைத்தவனிடம் அவனுடைய முதல் குரு, ஓடாதே, நீ திரும்பி அதைத் துரத்து என்கிறார். முடிவைச் சொல்ல மாட்டேன். அதைச் சொன்னால் பிள்ளைகள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

அந்த உலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஊர் கூப்பிடும் பெயர் ஒன்று, உண்மைப் பெயர் ஒன்று. உண்மைப் பெயரை உயிருக்கு உயிரானவர்களிடம் மட்டும்தான் சொல்வார்கள். பெயர் தெரிந்தவன் கையில் ஆளே அகப்பட்டுவிடுவான். இதை விளக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒன்று என்று வைத்திருக்கும் பிள்ளைகள் நம் பிள்ளைகள். வீட்டுப் பெயர் வகுப்பில் தெரிந்துவிடக் கூடாதே என்று தவிப்பவர்கள். ஒரு பையன் சட்டென்று, "அம்மா சத்தமா கூப்பிட்டா நான் மாட்டிக்குவேன், அது மாதிரிதானே டீச்சர்" என்றான். அதே மாதிரிதான்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பையன் வருகிறான். மீன்பிடிக் குடும்பம். அவனுக்குக் கதையில் பிடித்த இடம் வேறு. அந்தப் பள்ளியில் காற்றையும் மழையையும் அழைக்கக் கற்றுக்கொடுப்பார்கள். கற்றுக்கொடுத்துவிட்டு எச்சரிப்பார்கள். இந்தத் தீவில் நீ மழையை வரவழைத்தால், தொலைவில் இன்னொரு தீவு வறண்டு போகலாம். கிழக்கே கடலை அமைதிப்படுத்தினால் மேற்கே புயலடிக்கலாம். இதைப் படித்ததும் அவன், "அப்ப இவங்களுக்கு மீன்பாடு வந்தா அங்க ஒருத்தனுக்குப் பாடு இருக்காது" என்றான். வாடையும் கச்சானும் அவன் வீட்டுச் சோற்றை நிர்ணயிக்கிற காற்றுகள். அவனுக்கு அந்தப் பக்கம் கற்பனையாகவே தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் உயிர் நண்பன் கறுப்பு நிறத்தவன். அந்த உலகத்தில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான். லெ குவின் அதை யோசித்தே எழுதினார். அட்டைப் படங்களில் அவனை வெள்ளையனாக வரைந்தபோதெல்லாம் அவருக்கு வருத்தம். மந்திரவாதி என்றாலே வெள்ளைத் தாடிக்காரர் என்று நினைத்திருந்த என் பிள்ளைகளுக்கு, இவன் நம்மை மாதிரி இருக்கிறான் என்று தெரிந்த அன்றைக்குத் திண்ணையில் வேறு பேச்சே இல்லை.

அந்த நாவலின் ஆங்கிலம் எளிதில்லை. நான் அத்தியாயத்தை முதலில் தமிழில் கதையாகச் சொல்வேன். அப்புறம் அதில் இரண்டு பக்கத்தை எல்லாரும் சேர்ந்து ஆங்கிலத்தில் படிப்போம். முக்கால்வாசி புரிந்தால் போதும்.

அடுத்ததாக, நான் செய்த தவறு ஒன்று. படிப்பில் வேகமான ஒரு பெண், பன்னிரண்டு வயது. அவளால் முடியும் என்ற பெருமையில் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகத்தைக் கொடுத்துவிட்டேன். மூன்று பாகங்களாக 1954, 1955இல் வந்த பெரிய நாவல் அது. கதை தொடங்குவதற்கு முன்பே நீளமான முன்னுரை ஒன்று இருக்கிறது. அதில், கதையில் வரும் ஹாபிட் என்ற குள்ள மக்கள் புகைக்கும் இலையைப் பற்றி ஒரு பகுதியே உண்டு. மூன்று வாரம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. அடையாளத்துக்கு வைத்திருந்த பஸ் டிக்கெட் சரியாக அந்த இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு பல மாதங்கள் அவள் திண்ணைப் பக்கமே வரவில்லை. தனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டாள். அது என் தவறு. பிள்ளையின் திறமையைப் பார்த்துப் புத்தகம் கொடுத்தேன், அவளுக்கு அப்போது என்ன வேண்டியிருந்தது என்று பார்க்கவில்லை.

டோல்கீனின் 'தி ஹாபிட்' 1937இல் வந்தது. அதைத்தான் முதலில் கொடுத்திருக்க வேண்டும். கையெழுத்துப் பிரதி பதிப்பாளரிடம் வந்தபோது, அவர் தன் பத்து வயது மகனிடம் படிக்கக் கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலியும் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். ஐந்திலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எழுதிக்கொடுத்தான் பையன். அந்த வயதுக் கணக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஆனால் பிள்ளையைக் கேட்ட பதிப்பாளரை எனக்குப் பிடிக்கும். அதன் ஐந்தாம் அத்தியாயத்தில், மலைக்கு அடியில் இருட்டில் ஒரு விடுகதைப் போட்டி. தோற்றால் உயிர் போகும். அங்கே நாங்கள் புத்தகத்தை நிறுத்திவிட்டு எங்கள் போட்டியைத் தொடங்கிவிடுவோம். ஓடும் குதிரை, ஒளியும் குதிரை, தண்ணீரைக் கண்டால் தவிக்கும் குதிரை, அது என்ன? செருப்பு என்று சொல்ல ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு ஐந்து நிமிஷம் ஆனது.

ஹாரி பாட்டர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது பிள்ளைகளுக்கே தெரியும். தமிழிலும் கிடைக்கிறது. 1997இல் வந்த முதல் புத்தகத்தில் ஹாரிக்குப் பதினொரு வயது. பாகத்துக்கு ஒரு வயது கூடுகிறது, கதையும் அதோடு இருண்டுகொண்டே போகிறது. நான்காவது பாகத்தில் ஒரு மாணவனின் சாவு வருகிறது. ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு முதல் மூன்று போதும். நான்காவதைப் படிக்கும் நாட்களில் வீட்டில் பெரியவர் யாராவது பேச்சுக்குக் கிடைக்க வேண்டும்.

எழுத்துகள் தடுமாறும் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் உண்டு. ரிக் ரியோர்டன் என்ற ஆசிரியர், கவனக்குறைவும், எழுத்தைப் படிக்கத் தடுமாற வைக்கும் டிஸ்லெக்சியாவும் உள்ள தன் மகனுக்குத் தூங்கும் நேரத்தில் சொன்ன கதையிலிருந்து பிறந்தது. 2005இல் 'தி லைட்னிங் தீஃப்' என்று வெளிவந்தது. பன்னிரண்டு வயது பெர்சிக்குப் புத்தகப் பக்கத்தில் எழுத்துகள் மிதக்கின்றன. காரணம், அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்காக அமைந்தது. ஒரு அம்மா இதைக் கேட்டுவிட்டு என் எதிரிலேயே அழுதார். அந்தப் பையன் இப்போது இரண்டாம் பாகத்தில் இருக்கிறான். மெதுவாகத்தான் போகிறான், போகட்டும்.

இனி தமிழுக்கு வருகிறேன். மனம் விட்டுப் போன பெண்ணைத் திரும்பக் கொண்டுவந்தது ஜெயமோகனின் 'பனிமனிதன்'. தினமணி சிறுவர் மணியில் தொடராக வந்தது. இமயமலைப் பனியில் பிரம்மாண்டமான காலடித் தடங்கள். அவற்றைத் தேடிப் போகிறவர்களின் கதை. வாக்கியங்கள் சின்னச் சின்னவை. பரிணாமமும் பௌத்தமும் கதையோடு சேர்ந்தே வருகின்றன. அதில் மந்திரம் இல்லை. ஆனாலும் என் கேள்விக்கு அது பதில் சொல்கிறது. ஒன்றைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று மனுஷன் கிளம்பினால், கண்டுபிடிக்கப்படுகிற உயிருக்கு என்ன ஆகும்?

பதின்மூன்று பதினான்கு வயதாகி, தமிழில் பெரிய நாவலுக்கு மூச்சு வந்துவிட்ட பிள்ளைக்குக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. அதுவும் மாயக்கதை இல்லை, சாகசம். ஆனால் அது தொடங்குகிற இடம் நம் மாவட்டம். ஆடிப் பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே அந்த வீரநாராயண ஏரி, காட்டுமன்னார்கோவில் பக்கத்து வீராணம்தான். முடிந்தால் முதல் அத்தியாயத்தை அந்தக் கரையில் உட்கார்ந்து படிக்க வையுங்கள்.

மாய நாவல்களின் முதல் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு வரைபடம் இருக்கும். ஒரு சனிக்கிழமை, நம் ஊரையே அப்படி வரைவோம் என்றேன். கெடிலமும் பெண்ணையாறும் வந்தன, உப்பனாறு வந்தது, தெற்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு வந்தது. கோட்டை எங்கே என்றார்கள். தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையின் கதையைச் சொன்னேன். 1690இல் ஆங்கிலக் கம்பெனி அதை மராட்டியர்களிடமிருந்து வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்களெல்லாம் கிரயத்தில் சேர்த்தி என்பது பேச்சு. எல்லாத் திசையிலும் சுட்டார்கள். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. இது கற்பனை இல்லை, வரலாறு என்று நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பனிமனிதன் படித்துத் திரும்பி வந்திருந்த பெண் கேட்டாள். "குண்டு விழுந்த இடத்துல ஆளுங்க இருந்தாங்களா டீச்சர்? அவங்களை யாராவது கேட்டாங்களா?" அடுத்த வாரம் நாற்பது பக்க நோட்டில் ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தாள். பறந்து வரும் குண்டைப் பார்வையாலேயே திசை திருப்பத் தெரிந்த ஒரு சிறுமி. ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் அவளுக்குத் தன் ஊரில் ஒரு தெருவின் ஞாபகம் அழிந்துபோகும். கடைசிக் குண்டு அவள் வீட்டுத் தெருவை நோக்கி வருகிறது. அந்த இடம் வரைக்கும்தான் எழுதியிருக்கிறாள். மீதிக்காக நாங்கள் எல்லாரும் காத்திருக்கிறோம்.

வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கடலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலந்து நூலகம் இருக்கிறது. பிள்ளையையே கூட்டிக்கொண்டு போய் அலமாரி முன்னால் நிறுத்துங்கள். வாங்க நினைப்பவர்கள் நெய்வேலி புத்தகக் கண்காட்சி வரைக்கும் காத்திருந்து, பத்துப் பக்கம் அங்கேயே புரட்டிப் பார்க்கச் சொல்லி வாங்கலாம். படித்து முடித்ததும் இதில் என்ன நீதி என்று மட்டும் கேட்காதீர்கள். யாரைப் பிடித்தது, எந்த இடத்தில் பயமாக இருந்தது, நீயாக இருந்தால் அந்த விலையைக் கொடுத்திருப்பாயா என்று கேளுங்கள்.

இன்றைக்கே தொடங்க நினைக்கிறவர்களுக்கு எங்கள் திண்ணை வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். முதல் அத்தியாயத்தை நீங்களே வாய்விட்டுப் படியுங்கள், பிள்ளைக்குப் பதினான்கு வயதானாலும் சரி. இரண்டாவது அத்தியாயத்தில் பாதியில் நிறுத்திவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விடுங்கள். புத்தகத்தை அங்கேயே திறந்து வைத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.