தலையில் விழும் இடிக்கு எத்தனை ஆட்டம் தடை?

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

வட அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி ஆடும் தேசிய ஹாக்கி லீகில், அதாவது என்.எச்.எல்.லில், ஒரு விதி இருக்கிறது. ஒரு வீரர் தன் அணியின் தற்காப்புப் பகுதியிலிருந்து அடிக்கும் பக், அதாவது பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு, கண்ணாடித் தடுப்புக்கு மேலாகப் பறந்து பார்வையாளர் பக்கம் நேராகப் போய்விட்டால் அவருக்கு 2 நிமிடம் பெனால்டி, அவ்வளவு நேரம் வெளியே உட்கார வேண்டும். வேண்டுமென்றே அடித்தாரா, கை தவறியதா என்று நடுவர் விசாரிக்க மாட்டார். இன்னொரு விதி ஸ்டிக்கைப் பற்றியது. உங்கள் ஸ்டிக் எதிராளியின் முகத்தில் பட்டால் 2 நிமிடம், காயமாகிவிட்டால் 4 நிமிடம். ஷாட் அடித்த வேகத்தில் இயல்பாக உயரும் ஸ்டிக்குக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றபடி "நான் அவரைப் பார்க்கவில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. ஸ்டிக்கைப் பிடித்திருப்பவர்தான் அதற்குப் பொறுப்பு.

சரி, முகத்தில் பட்டது ஸ்டிக் இல்லை, 90 கிலோ எடையுள்ள ஒரு மனிதரின் தோள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மட்டும் விசாரணை தொடங்கிவிடுகிறது. தவிர்த்திருக்க முடியுமா? அடிபட்டவர் குனிந்தாரா? கடைசி நொடியில் திரும்பினாரா? இந்த வேறுபாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. இன்று நான் பேச வந்ததே இதைத்தான்.

2010ஆம் ஆண்டு மார்ச் 7. பிட்ஸ்பர்க்கில் ஆட்டம். பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் மார்க் சவார்ட் அப்போதுதான் பக்கைக் கோலை நோக்கி அடித்து முடித்திருந்தார். அவர் கண்ணில் படாத பக்கத்திலிருந்து வந்த பிட்ஸ்பர்க் அணியின் மேட் குக் அவர் தலையில் இடித்துவிட்டுப் போனார். சவார்டை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவர்கள் பெனால்டி தரவில்லை. சில நாள் கழித்து லீக் சொன்ன முடிவு இன்னும் கசப்பானது: எந்த விதியும் மீறப்படவில்லை, அதனால் தடை கிடையாது. சொன்னது பொய்யும் அல்ல. தலையில் தோளால் இடிப்பதைத் தடுக்கும் விதி ஒன்றுகூட அன்றைய விதிப்புத்தகத்தில் இல்லை. அதற்கு ஐந்து மாதம் முன்னால், 2009 அக்டோபரில், ஃப்ளோரிடா அணியின் டேவிட் பூத் கிட்டத்தட்ட இதே மாதிரி தலையில் இடிபட்டு நினைவிழந்து கிடந்தார். அப்போதும் இடித்தவருக்குத் தடை இல்லை.

சவார்டின் கதை அங்கே முடியவில்லை. அந்த வசந்தத்திலேயே பிளே-ஆஃபுக்குத் திரும்பி வந்தார். ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் வெற்றி கோலை அடித்ததும் அவர்தான். அந்த கோலைப் பார்த்த யாருக்கும் இவர் குணமாகிவிட்டார் என்றுதான் தோன்றும். 2011 ஜனவரியில் டென்வரில் மறுபடி ஓர் இடி, மறுபடி மூளையதிர்ச்சி. அதற்குப் பிறகு அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அப்போது வயது 33. அந்த ஜூன் மாதம் புரூயின்ஸ், லீகின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையை வென்றது. கோப்பையில் பெயர் பொறிக்கத் தேவையான அளவு ஆட்டங்கள் அவர் கணக்கில் இல்லை. அணி கேட்டுக்கொண்டதால் அவர் பெயரையும் சேர்த்தார்கள்.

குக் இடித்த அதே மாதத்தில் லீக் அவசரமாக ஒரு விதி கொண்டுவந்தது. இன்று 48ஆம் விதி என்று சொல்கிறோமே, அதன் தொடக்கம் அதுதான். முதலில் பக்கவாட்டிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத கோணத்திலிருந்தும் தலையில் இடிப்பதை மட்டும் தடுத்தார்கள். 2011இல் திசை பற்றிய சொற்களை நீக்கி விதியை விரிவாக்கினார்கள். இப்போது அது சொல்வது சுருக்கமாக இவ்வளவுதான்: முக்கியமாக இடிபட்ட இடம் தலையாக இருந்து, அதைத் தவிர்த்திருக்க முடியும் என்றால் குற்றம்.

தவிர்த்திருக்க முடியும் என்றால். இந்த மூன்று சொல்லில்தான் பாதிப் பேர் தப்பிக்கிறார்கள். தவிர்த்திருக்க முடியுமா என்று முடிவு செய்ய, இடித்தவர் உடம்பை நோக்கித்தான் வந்தாரா என்று பார்க்க வேண்டும். அடிபட்டவர் தானே ஆபத்தான நிலைக்கு வந்தாரா, இடிக்குச் சற்று முன் தலையையோ உடம்பையோ அசைத்தாரா என்றும் பார்க்க வேண்டும். கவனியுங்கள், மூன்றில் இரண்டு கேள்வி அடிபட்டவரைப் பற்றியது. பக்கைப் பார்க்கக் குனிவது ஹாக்கியில் குற்றமா? பக் கிடப்பது தரையில். குனியாமல் எப்படி எடுப்பது?

தடை எப்படி முடிவாகிறது என்று சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 2011இல் லீக் வீரர் பாதுகாப்புத் துறை என்று ஒன்றை அமைத்தது. முதல் தலைவர் பிரெண்டன் ஷானஹன். அவர் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு தடைக்கும் ஒரு வீடியோ வெளியிட்டு, எந்த விதி, எந்த நொடியில் தவறு, ஏன் இத்தனை ஆட்டம் என்று பொதுமக்களுக்கு விளக்கினார். அதற்கு முன் முடிவு மட்டும் வரும், காரணம் வராது. இந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. 6 ஆட்டமோ அதற்கு மேலோ தடை வரலாம் என்றால் வீரரை நேரில் விசாரிக்க அழைக்க வேண்டும். அடிபட்டவருக்குக் காயமா, இடித்தவர் இதற்கு முன்னும் தண்டிக்கப்பட்டவரா என்பதெல்லாம் கணக்கில் வரும். தடைக் காலத்துச் சம்பளம் வீரர்களின் அவசர உதவி நிதிக்குப் போகும்.

கடுமையான தடைகள் வந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2012 பிளே-ஆஃபில் மேரியன் ஹோசாவை இடித்த ராஃபி டாரஸுக்கு 25 ஆட்டம் தடை, மேல்முறையீட்டில் 21 ஆனது. 2015இல் ஜேகப் சில்ஃபர்பெர்கின் தலையில் இடித்ததற்கு அதே டாரஸுக்கு 41 ஆட்டம், அதாவது 82 ஆட்டம் கொண்ட சீசனில் சரிபாதி. அதற்குப் பிறகு அவர் என்.எச்.எல்.லில் ஆடவே இல்லை.

ஆனால் டாம் வில்சன் விஷயத்தைப் பாருங்கள். 2018இல் சீசனுக்கு முந்தைய ஒரு ஆட்டத்தில் ஆஸ்கர் சுண்ட்குவிஸ்டின் தலையில் இடித்தார். அவருடைய கடைசி 105 ஆட்டங்களில் அது நான்காவது தடை. 20 ஆட்டம் என்றார்கள். லீக் ஆணையர் அதை உறுதி செய்தார். அப்புறம் வழக்கு நடுநிலையான ஒரு தீர்ப்பாளரிடம் போனது, அவர் 14ஆகக் குறைத்தார். தீர்ப்பு வரும்போது வில்சன் ஏற்கெனவே 16 ஆட்டம் வெளியே உட்கார்ந்துவிட்டார்! வில்சன் திறமையான வீரர், அவர் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. ஒரே வீடியோவைப் பார்த்துப் பொறுப்புள்ள மூன்று பேர், குற்றம் நடந்தது என்று ஒப்புக்கொண்ட பிறகும், ஒரே எண்ணுக்கு வர முடியவில்லை என்பதுதான் என் கவலை.

2021 மே மாதம் அதே வில்சன், நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு எதிராக, ஐஸில் குப்புறக் கிடந்த பாவெல் புச்னெவிச்சைக் குத்தினார். அபராதம் 5,000 டாலர், தடை இல்லை. ரேஞ்சர்ஸ் நிர்வாகம் கோபத்தில் வீரர் பாதுகாப்புத் துறையின் தலைவர் பதவிக்குத் தகுதியற்றவர் என்று அறிக்கை விட்டது. அதற்கு லீக் விதித்த அபராதம் 2,50,000 டாலர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1968 ஜனவரியில் மின்னசோட்டா அணியின் பில் மாஸ்டர்டன் தலை ஐஸில் மோதி, இரண்டு நாளில் இறந்தார். ஆட்டத்தில் பட்ட அடியால் நேரடியாக உயிரிழந்த என்.எச்.எல். வீரர் அவர் ஒருவர்தான். 1979இல்தான் புதிதாக வரும் வீரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமல் காக்கும். ஆனால் மூளை, ஓட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மென்மையான உறுப்பு. தாடையில் ஓர் இடி விழுந்து தலை சட்டென்று திரும்பினால், மூளை அந்தத் திருப்பத்தோடு உடனே சேர்ந்து வருவதில்லை. உள்ளே நரம்பிழைகள் இழுபடுகின்றன. எந்த ஹெல்மெட்டாலும் அதை முழுதாகத் தடுக்க முடியாது.

திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டவர்களுக்கு வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோயை, இறந்த பிறகு மூளையைச் சோதித்துத்தான் உறுதி செய்கிறார்கள். 2009இல் ரெஜி ஃப்ளெமிங்கின் மூளையில் அதைக் கண்டார்கள். பிறகு பாப் புரோபர்ட், 28 வயதில் இறந்த டெரெக் பூகார்ட், 35 வயதில் இறந்த ஸ்டீவ் மொண்டடோர் என்று வரிசை நீண்டது. இவர்களில் சிலர் களத்தில் அடிக்கடி கைச்சண்டை போட்டவர்கள், அதனால் எல்லாப் பழியையும் தோள் இடிமேல் போடக் கூடாது. 318 முன்னாள் வீரர்கள் சம்பந்தப்பட்ட வழக்கை 2018இல் லீக் சுமார் 1.9 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது, பொறுப்பு எதையும் ஏற்காமலே.

"இடியை எடுத்துவிட்டால் ஹாக்கியே போய்விடும்" என்று சிலர் சொல்கிறார்கள். நெஞ்சில் தோளால் இடியுங்கள், ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகை ஓரத்தில் இடுப்பால் நெருக்குங்கள், எனக்கும் அது பிடிக்கும். தலையை மட்டும் விடுங்கள். 206 சென்டிமீட்டர் உயரமான ஸ்டெனோ சாரா போன்ற ஒருவரின் தோள் குள்ளமான எதிராளியின் தலைக்கு நேராகத்தான் வருமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். உயரமானவருக்கு ஸ்டிக்கும் உயரத்தில்தான் இருக்கிறது, அதற்காக யாரும் விலக்குத் தருவதில்லை. தலை தொடப்பட்டால் தற்செயலாக இருந்தாலும் 2 நிமிடம். அலட்சியமோ நோக்கமோ தெரிந்தால், அடிபட்டவர் எழுந்து ஆடினாலும் ஆடாவிட்டாலும் தடை. நான் கேட்பது இவ்வளவே.

இது புதிய யோசனையும் அல்ல. ஹாக்கி கனடா 2011இல் பிள்ளைகளின் ஆட்டத்தில் இதைத்தான் கொண்டுவந்தது: தற்செயலாகத் தலையில் பட்டாலும் பெனால்டி. ஆல்பர்ட்டாவில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு உடம்பால் இடிக்க அனுமதி இருந்தது, கியூபெக்கில் இல்லை. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளிவந்தபோது, இடிக்கும் இடத்தில் காயம் மூன்று மடங்குக்கு மேல் என்று தெரிந்தது. 2013இல் அந்த வயதுக்கு நாடு முழுவதும் இடிப்பதை நிறுத்தினார்கள்.

சிகாகோவுக்கு ஆடும் கானர் பெடார்ட் 2005இல் பிறந்தவர். 2011இல் அவருக்கு 6 வயது. வடக்கு வான்கூவரில் அவர் ஹாக்கி கற்று வளர்ந்தது இந்த விதிக்குள்தான். அவரோடு வளர்ந்து இன்று என்.எச்.எல்.லில் ஆடும் கனடிய இளைஞர்கள் எல்லோருக்கும், தலையைத் தொடாமல் எப்படி இடிப்பது என்று ஏற்கெனவே தெரியும்.