கரிப்பூச்சில் தங்கும் நொதிகள்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளில் சர்க்கரை பார்க்கும் மீட்டர் இருக்கிறது. அதில் செருகும் ஸ்ட்ரிப்பின் நுனியில், பல வகைகளில், கார்பன் பூச்சும் அதன்மேல் காயவைத்த நொதியும், அதாவது என்சைமும், இருக்கும். ரத்தத்திலுள்ள குளுக்கோஸைப் பிடித்து வினையைத் தொடங்குவது அந்த நொதிதான். ஈரம் பட்டால் அது கெட்டுவிடும், அதனால்தான் டப்பாவை உடனே மூடச் சொல்கிறார்கள்.

ஸ்ட்ரிப்பை ஒரு தடவையோடு தூக்கிப் போடலாம். ஆலைக்கு அது கட்டுப்படியாகாது. குளுக்கோஸை ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையாக்கும் நொதியைக் கரைசலில் கலந்தால் பாகோடு போய்விடும். அதனால் தாங்கி எனப்படும் ஒரு திடப்பொருளில் ஒட்டவைத்து, கரைசலை அதன் வழியே ஓடவிடுகிறார்கள். இன்வர்டேஸ் நொதி கரியில் ஒட்டிய பிறகும் சர்க்கரையை உடைக்கிறது என்று நெல்சனும் கிரிஃபினும் 1916-லேயே காட்டினார்கள். 1969-ல் ஜப்பானின் தனாபே நிறுவனம் ஒட்டவைத்த நொதியை அமினோ அமிலத் தயாரிப்பில் ஆலை அளவுக்குக் கொண்டுபோனது.

இப்போது ஆய்வாளர்கள் பீங்கான்மேல் கரியைப் பூசியும் தாங்கி செய்கிறார்கள். சரி, கரியே போதுமே, பீங்கான் எதற்கு? கரித்தூளை உருளையில் நிரப்பினால் அடைத்துக்கொள்ளும். அதன் நுண்துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் சிறியவை. நொதி உள்ளே நுழையாது. அலுமினாவும், அதாவது அலுமினிய ஆக்சைடும், பீங்கானும் உறுதியானவை, ஆனால் பல நொதிகள் அவற்றில் அவ்வளவு நன்றாகப் பிடிப்பதில்லை. ஆகவே அலுமினாமேல் நிக்கல் துகள்களைப் படியவைத்து, சூடாக்கி, கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ரோகார்பன் வாயுவைச் செலுத்துகிறார்கள். வாயு சிதைந்து, கார்பன் நூல் நூலாக வளர்ந்து அலுமினாவை மூடிக்கொள்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க் நகரின் பொரெஸ்கோவ் வினையூக்கி ஆய்வு நிலையத்தில் இந்த ஆய்வு நிறைய நடந்திருக்கிறது. நூல்களுக்கு இடையே நொதிக்கு இடம் தாராளம். கார்பனுக்குத் தண்ணீர் ஆகாது. புரதத்திலும் தண்ணீர் ஆகாத பகுதிகள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன.

நுண்ணுயிர் செல்கள் மைக்ரான் கணக்கில் பெரியவை. அவற்றுக்கு இந்த இடைவெளி பத்தாது. நுரைபோன்ற பீங்கானின் பெரிய கண்களும் சொரசொரப்பும் வேண்டும். ஊருணிப் படியில் பாசி சொரசொரப்பான கல்லைத் தேடிப் பிடிப்பதுபோலத்தான். நொதிக்குப் பொருந்திய தாங்கி செல்லுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

கார்பன்மேல் நொதியின் இந்தப் பிடிப்பு வேதிப் பிணைப்பு அல்ல. உப்போ அமிலத்தன்மையோ மாறினால் நொதி கழன்று வரலாம். ஆகவே இதைச் சோதிக்கும் மாணவர்கள், தாங்கியில் ஒட்டிய நொதியின் வினை வேகத்தோடு, வெளியே வரும் கரைசலிலும் நொதி இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். அங்கே இருந்தால், நீங்கள் அளந்த வேகத்தில் ஒரு பங்கு கழன்று போன நொதியுடையது. வணக்கம்.