ஈயைத் தூது விடும் பாசி

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை விட்ட மறுநாள் குளத்துப் படித்துறைக்குப் போனால் செங்கல் சுவரெல்லாம் பச்சை பூத்திருக்கும். குனிந்து பாருங்கள். அந்தப் பச்சைக்குள் நூல் நூலாகக் காம்புகள், நுனியில் கடுகைவிடச் சின்ன உறை. அது முற்றிக் காய்ந்ததும் வாய் திறந்து தூள் பறக்கும். அதுதான் ஸ்போர், பாசிக்கு விதை மாதிரி. காற்று கொண்டுபோய்ப் போட்ட ஈரச் சுவரில் முளைத்துக்கொள்ளும்.

ஸ்ப்ளாக்னம் என்ற பாசிக்கு மட்டும் காற்று உதவாது. பின்லாந்து, கனடா போன்ற குளிர்நாட்டுச் சதுப்புகளில், மாட்டுச் சாணம், மூஸ் என்ற பெரிய மானின் புழுக்கை இவற்றின் மேல்தான் அது வளரும். அடுத்த சாணம் எங்கே விழும் என்று காற்றுக்கு எப்படித் தெரியும்? ஈக்குத் தெரியும். நம் தொழுவத்தில் மாடு சாணி போட்டு ஆவி அடங்குவதற்குள் ஈ வந்து உட்கார்ந்துவிடுகிறதே!

அந்த ஈயைத்தான் பாசி கூப்பிடுகிறது. ஸ்ப்ளாக்னத்தில் ஒரு வகைக்கு, உறைக்குக் கீழே மஞ்சள் குடை ஒன்று விரிந்திருக்கும். பாசியில் இப்படி ஒரு அலங்காரத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை, அதுவும் படத்தில்தான் பார்த்தேன். நிறத்தோடு வாடையும் சேர்ந்துகொள்கிறது. அந்த வாடையில் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று பின்லாந்து ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்து 1978இல் எழுதினார்கள். சாணம் என்று நம்பி வரும் ஈக்குத் தேனும் கிடையாது, முட்டையிட இடமும் கிடையாது. ஆனால் பிசுபிசுப்பான ஸ்போர்கள் கொத்தாகக் காலிலும் உடம்பு மயிரிலும் ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் அது நிஜமான புதுச் சாணத்தில் போய் இறங்குகிறது. பாசிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கனடாவின் அல்பெர்ட்டாவில் பால் மரினோ என்ற ஆய்வாளர் ஒரே வட்டாரத்தில் வாழும் நாலு சாணப்பாசிகளைத் தொடர்ந்து கவனித்தார். சில மான் புழுக்கையில் வளர்கின்றன, சில ஊன் தின்னும் விலங்கின் எச்சத்திலும் செத்த உடலிலும். இந்த வேலைக்குச் சாணத்தருகே பொறுமையாக உட்கார வேண்டும், ஈயைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

காவிரிக்கரையில் இந்தப் பாசியைத் தேட வேண்டாம். அதற்குச் சாணம் மாதக்கணக்கில் ஈரமாக, கலையாமல் கிடக்க வேண்டும். நம் ஊரில் பொழுது சாய்வதற்குள் அது எருக்குழிக்கோ வறட்டிக்கோ போய்விடும்.

ஆனால் இதே வித்தை நம் கொல்லையிலும் நடக்கிறது. தோண்டாமல் விட்ட சேனைக்கிழங்கு ஒருநாள் பிண வாடையோடு பூக்கும். உடனே வெட்டி எறியாதீர்கள். ஒரு ராத்திரி விட்டுவைத்து, டார்ச் அடித்து, என்னென்ன வண்டும் ஈயும் வந்திருக்கின்றன என்று பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள்.

வணக்கம்.