பின்னால் கேட்கும் டொக் டொக்

வணக்கம். என்ன தலைப்பில் பேசப் போகிறீர்கள் என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். பின்பக்க ஸ்டெபிலைசர் லிங்க் என்றேன். அது என்ன சார் என்றார்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் தெரிந்திருக்கும். நல்ல ரோட்டில் ஒன்றும் கேட்காது. தார் பெயர்ந்த தெருவில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாகப் போகும்போது, பின்சீட்டுக்கு அடியிலிருந்து டொக், டொக் என்று யாரோ கதவைத் தட்டுவது போல வரும். டிக்கியில் ஏதோ உருள்கிறது என்று முதலில் நினைப்போம், ஜாக்கியையும் ஸ்டெப்னியையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்போம், அப்போதும் டொக் டொக். அடுத்தது எல்லோர் வாயிலும் வரும் பெயர் ஷாக் அப்சார்பர். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பல வருடம் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

பேருந்து வளைவில் திரும்பும்போது நின்றுகொண்டு வருபவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள் இல்லையா, காரின் உடம்பும் அப்படித்தான் சாயும். அதைக் குறைக்க, இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் சேர்த்து ஒரு வளைந்த இரும்புக் கம்பி போட்டிருப்பார்கள், அதுதான் ஸ்டெபிலைசர் பார். இது புதிய சமாச்சாரம் இல்லை, கனடாக்காரர் ஸ்டீபன் கோல்மன் 1919-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

எப்படி வேலை செய்கிறது? படம் போட்டுக் காட்ட முடியாது, அதனால் துணி பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரத் துணியின் இரண்டு முனையையும் பிடித்து இரண்டு கையையும் ஒரே பக்கமாகத் திருப்பினால் துணி சும்மா சுற்றும், முறுக்கு ஏறாது. ஒரு கை மேலே, ஒரு கை கீழே திருப்பினால்தான் முறுக்கு விழும். பாரும் அதேதான். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் அது சும்மா சுழலும், ஒன்று ஏறி மற்றது ஏறாமல் இருந்தால் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். அந்த முறுக்கைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற சின்னக் கம்பிதான் லிங்க், பக்கத்துக்கு ஒன்று. அனேக வண்டிகளில் அதன் இரண்டு முனையிலும் ஒரு உருண்டை மூட்டு இருக்கும், பால் ஜாயின்ட் என்போம், அதன் மேல் ரப்பர் உறை. உறை கிழிந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், கிரீஸ் போய்விடும், மூட்டு தேயும், தேய்ந்தால் தட்டும்.

எல்லா வண்டிக்கும் பின்னால் இது கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்விஃப்ட், ஐ20 மாதிரியான சின்ன வண்டிகளில் பின்னால் முறுக்கு தாங்கும் ஒரே உத்தரம்தான், தனி லிங்க் முன்பக்கம் மட்டும்தான். எக்ஸ்யூவி500 போல பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் வண்டிகளில் பின்னாலும் பார் இருக்கும்.

இனி என் மனைவியின் தம்பி கதை. ஏழு பேர் உட்காரும் பழைய வண்டி ஒன்று வைத்திருந்தார், இதே டொக் டொக். ஒரு பட்டறையில் பின்பக்க ஷாக் இரண்டையும் மாற்றிவிட்டார்கள். சத்தம் போகவில்லை. மறுபடி கொண்டுபோனார், ஜாக்கியில் ஒரு பக்கத்தைத் தூக்கி, லிங்க்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, லிங்க் கெட்டியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். "அத்தான், வண்டியை வித்துரலாமான்னு இருக்கு" என்று என்னிடம் வந்து நின்றார்.

நான் முதலில் கேட்டது ஒரே கேள்வி. "மாப்ளே, வேகத்தடையில நேரா ஏறும்போது சத்தம் வருதா, இல்ல ஒரு சக்கரம் மட்டும் குழியில விழும்போது வருதா?" யோசித்துப் பார்த்துவிட்டு, குழியில்தான், வேகத்தடையில் அவ்வளவாக இல்லை என்றார். துணியை நினைத்துக்கொள்ளுங்கள். நேராக ஏறினால் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறுகிறது, லிங்க்குக்குப் பெரிய வேலை இல்லை. ஷாக் போயிருந்தால் அங்கேயும் காட்டிக்கொடுத்திருக்கும், பெரும்பாலும்.

தெரிந்த ஒருவரின் பட்டறையில், ஆள் இறங்கி வேலை பார்க்கும் குழி மேல் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் இருக்க, கீழே இறங்கிப் போய் இடது லிங்க்கைப் பிடித்து ஆட்டினேன். கையில் தெளிவாகக் கடக் கடக் என்றது. ரப்பர் உறை வாழைப்பூ மடல் மாதிரி விரிந்து கிடந்தது, உள்ளே விரலை விட்டால் கிரீஸ் இல்லை, செம்மண் சேறு. அப்புறம் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் மூட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி தன் கனத்திலேயே தொங்கி விழுந்தது. புதியதை இரண்டு விரலால் அசைப்பதே கஷ்டம்.

அப்படியானால் முந்தைய பட்டறையில் ஏன் கெட்டியாகத் தெரிந்தது? ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் அந்தச் சக்கரம் தொங்கும், மற்றது மேலே இருக்கும், பார் முறுக்கிக்கொள்ளும். முறுக்கு லிங்க்கை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துவிடும், ஆட்டம் மறைந்துவிடும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், சோதிக்கும்போதும் சரி, கழற்றும்போதும் சரி, இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று தரையில் ஒன்று காற்றில் என்று வைத்துக் கழற்றினால் போல்ட் வெளியே வராது, சுத்தியலால் அடிப்பார்கள், புதிய லிங்க்கின் ஓட்டையும் நேராக நிற்காது. இரண்டும் சமமாகத் தொங்கினால் கையாலேயே வரும்.

வீட்டிலேயே மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம், இதைத் தயவுசெய்து காதில் வாங்குங்கள். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை, அனேக வண்டிகளில். பின்பக்கத்தையே தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் போட்டும் போடாததுதான், வண்டி முன்சக்கரத்தில் உருளும். அதனால் முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், முன்சக்கரம் இழுக்கும் வண்டியானால் கியரும் போட்டு வையுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி அடியில் படுக்கவே கூடாது, செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் கூடாது, நொறுங்கிவிடும். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்டு இரண்டு வேண்டும். ஸ்டாண்டு இல்லையா, வேலையைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

நட்டு துரு ஏறியிருக்கும், எங்கள் தூத்துக்குடி உப்புக் காற்றில் சொல்லவே வேண்டாம். முதல் நாள் இரவே கம்பிப் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துரு விடும் எண்ணெயை அடித்து வையுங்கள். நட்டைத் திருப்பினால் ஆணியும் கூடவே சுற்றும், அதற்குத்தான் ஆணியின் முனையில் ஆறு பக்கக் குழி வைத்திருக்கிறார்கள், ஆலன் கீயை அதில் விட்டுப் பிடித்துக்கொண்டு, ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். குழி தேய்ந்துபோனால் பழைய லிங்க்கை அறுத்து எடுங்கள், எப்படியும் தூக்கிப் போடப்போவதுதான். ஆனால் கேஸ் வைத்துச் சூடாக்காதீர்கள், பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். பாரையே தடிமனாக மாற்றுவது பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், ஒன்று மட்டும் சொல்கிறேன், 20 மில்லிமீட்டர் பாரை 22 ஆக்கினால் அதன் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடும், பின்னால் மட்டும் அப்படிச் செய்தால் மழை ரோட்டில் வால் வழுக்கும், விளையாட வேண்டாம்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். மேல் நட்டு, கீழ் நட்டு இரண்டையும் கையால் ஏற்றிவிட்டு அப்புறம் இறுக்குங்கள், கூடவே வரும் புதிய நட்டையே போடுங்கள், எவ்வளவு இறுக்கம் என்பது வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். பால் ஜாயின்ட் இல்லாமல் வெறும் ரப்பர் புஷ், அதாவது ரப்பர் வளையம், உள்ள லிங்க்காக இருந்தால், கடைசி இறுக்கு வண்டி தரையில் நிற்கும்போது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டு இரண்டையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். முன்பக்க லிங்க் பற்றி இன்னொரு முறை அழைத்தால் பேசுகிறேன். வணக்கம்.