சிறிய அளவு என்னும் அளவுகோல்

நேயர்களுக்கு வணக்கம். ஓடைகளிலும் ஆறுகளிலும் தனியாட்களும் சிறு குழுக்களும் தங்கம் அரித்தெடுப்பதைச் சட்டம் எப்படிக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருள். "ஒருவர் அள்ளுவது ஒரு கூடைச் சரளை, அதற்கு எதற்கு அனுமதி?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆறு அந்தக் கூடைகளைத் தனித்தனியே பிரித்து வைப்பதில்லை என்பதே என் பதில்.

இந்த வாதம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நீதிமன்றம் ஏறியது. கலிபோர்னியாவில் நீரைப் பீய்ச்சி மலைச்சரிவுகளைக் கரைத்துத் தங்கம் எடுத்தார்கள். கரைந்து வந்த மண்ணும் கல்லும் யூபா ஆற்றின் படுகையை உயர்த்தின. கீழே இருந்த மேரிஸ்வில் நகரம் தன் கரைகளை மேலும் மேலும் உயர்த்த நேர்ந்தது. விளைநிலங்கள் சேற்றில் புதைந்தன. பாதிக்கப்பட்டவர்கள் முதலில் தொடுத்த வழக்கு, தனித்தனியே இயங்கும் சுரங்க நிறுவனங்களை ஒரே வழக்கில் சேர்க்க முடியாது என்ற காரணத்தால் 1879-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. எவருடைய கல் எவருடைய வயலில் விழுந்தது என்று யாரால் பிரித்துக் காட்ட முடியும்? அடுத்து வந்த வழக்கில் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி லொரன்சோ சாயர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆற்றில் கலந்தபின் கழிவு ஒன்றே என்று கொண்டு, 1884 ஜனவரியில், கழிவை ஆற்றில் கொட்டுவதற்குத் தடை விதித்தார்.

அந்தக் காலத்தில் தங்கத்தைப் பிடிக்கப் பயன்படுத்திய பாதரசம் இன்றும் அந்தப் படுகைகளில் கிடக்கிறது. தட்டில் கையால் அரிப்பவர் மேற்பரப்பைச் சற்றே கலைக்கிறார். மிதவையில் பொருத்திய உறிஞ்சு இயந்திரமோ படுகையை ஆழமாகக் கலைத்து, பாதரசம் ஒட்டிய நுண்வண்டலை நீரோட்டத்தில் விடுகிறது. வண்டலில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்னும் நச்சு வடிவமாக மாற்ற, அது மீன்களில் சேர்ந்து, மீன் உண்பவரை வந்தடைகிறது. இருவருமே சட்டத்தின் பார்வையில் 'சிறு அளவினர்' என்பதால் இருவருக்கும் ஒரே விதி என்பது எனக்கு ஏற்புடையதன்று. ஆளின் அளவைப் பார்க்காமல் கருவியையும் இடத்தையும் பருவத்தையும் பார்க்க வேண்டும். சால்மன் மீன் சரளைக்குள் முட்டையிட்டிருக்கும் மாதங்களில் சிறிய உறிஞ்சு குழாய்கூட ஒரு தலைமுறையைக் குலைத்துவிடும். கலிபோர்னியா 2009-இல் இவ்வியந்திரங்களை நிறுத்திவைத்தது. கூட்டாட்சி அரசின் நிலங்களில் கனிமம் எடுக்க இடமளிக்கும் 1872-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் அந்தத் தடைக்கு முரணாக நிற்கவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2016-இல் கூறியது.

நம் நாட்டைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஹரியானாவில் மணலும் சரளையும் அள்ளுவதற்கான குத்தகைகள் குறித்த வழக்கில், நம் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில், 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று ஆணையிட்டது. பெரிய பரப்பைத் துண்டுகளாக்கி அனுமதியிலிருந்து தப்பும் வழியை அந்த ஆணை அடைத்தது. வணக்கம்.